இன்னும் கொஞ்சம் திறங்க

செல்போன் திரை ஈரமாக இருந்தது. பல் மருத்துவமனையில் பதினோரு வருடமாக டாக்டர் பக்கத்தில் நின்று உறிஞ்சுகுழாய் பிடிக்கும் உதவியாளருக்கு அது என்ன ஈரம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டாள். விரலோடு நூலாக நீண்டது. எச்சில்.

ஐந்து நிமிடம் முன்புதான் வங்கியின் வீடியோ சரிபார்ப்பு முடிந்திருந்தது. கணக்கு முடங்கிவிடும் என்று வந்த குறுஞ்செய்தியில் இருந்த லிங்க்கைத் தொட்டதும் ஒரு குரல் மட்டும் வந்தது, முகம் வரவில்லை. இடதுபக்கம் திரும்புங்க, வலதுபக்கம் திரும்புங்க, கண்ணைச் சிமிட்டுங்க என்றது. செய்தாள். "வாயத் திறங்க" என்றது. வேறு யாராக இருந்தாலும் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. "இன்னும் கொஞ்சம்... ம், அப்படியே" என்றது, அவள் சொல்லும் அதே இழுவையில். கடைசியாகப் பாஸ்வேர்ட் கேட்டது. அதையும் சொன்னாள்.

ஊதா எருமை.

ஏழு வயது மகள் வைத்த வார்த்தை அது. பள்ளி விட்டு வந்து அம்மா வரும்வரை வீட்டில் தனியாக இருக்கும் மகள், கதவுக்கு வெளியே அதைச் சொல்கிறவர்களுக்கு மட்டும்தான் தாழ்ப்பாளைத் திறப்பாள். வேறொரு பாஸ்வேர்டை நினைவில் வைக்கச் சோம்பல்பட்டு வங்கிக்கும் அதையே வைத்திருந்தாள் அம்மா. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"டாக்டர், பேங்க்ல வாயத் திறக்கச் சொல்வாங்களா?"

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டர் சிரித்தார். "திறந்தா பணம் போடுவாங்கன்னா சொல்லும்மா, நானும் வர்றேன். ஆமா, உனக்கு ஏன் பேச்சு குழறுது?"

அப்போதுதான் தெரிந்தது. கீழுதடு மரத்திருந்தது, ஊசி போட்டதுபோல.

ஸ்பிரிட் பஞ்சால் திரையைத் துடைத்தாள். மறுபடி ஈரம். ஒலி வரும் சின்னத் துளைகளிலிருந்து நுரை நுரையாகக் கசிந்து, விரலிடுக்கில் வழிந்து, மணிக்கட்டு வரை வெதுவெதுப்பாக இறங்கியது. மோந்து பார்த்தாள். காலையில் குடித்த டீ. மென்ற கிராம்பு. அவள் வாய்தான். சீழ்ப்பல் நாற்றத்துக்கு நடுவில் பதினோரு வருடம் சோறு தின்றவளுக்குத் தன் எச்சில் குமட்டியது.

குழந்தை.

மகளிடம் இருந்த பழைய போனுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். வெகுநேரம் அடித்தது. மகளின் முகம் வந்தது, கன்னத்தில் பென்சில் கறையோடு. பின்னால் யாரோ அவள் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். யாரோ அல்ல. தன்னுடைய தாடை. தன்னுடைய உதடுகள். அதற்கு மேல் முகம் திரைக்குள் வரவில்லை.

மகள் திரையை உற்றுப் பார்த்தாள். "நீங்க யாரு? எங்கம்மா மாதிரியே இருக்கீங்க."

நீங்க என்றாள். பெற்றவளை.

"வார்த்தைய சொல்லுங்க."

"ஊ... ஊவா..." நாக்கு மாமிசத் துண்டாகக் கிடந்தது. முகவாயில் எச்சில் ஒழுகியது. "ஊவா..."

பின்னால் இருந்த உதடுகள் அசைந்தன. தெளிவாக, கொஞ்சலாக. "ஊதா எருமை."

"பாத்தீங்களா, அம்மா சரியா சொல்லிடுச்சு. சொல்லத் தெரியாதவங்ககிட்ட நான் பேசக்கூடாது."

சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அப்படித்தான் வளர்த்திருந்தாள்.

சடை பின்னி முடிந்திருந்தது. உதடுகள் குனிந்து அதன் நுனியைக் கவ்வின. உள்ளே இழுத்தன. ரிப்பன் போயிற்று. பாதிச் சடை போயிற்று. மெல்லுகிற சத்தம். ஈரமாக. நிதானமாக. மகளின் தலை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தது.

"மெதுவா பின்னும்மா, வலிக்குது" என்று சிரித்துக்கொண்டே, அழைப்பைத் துண்டிக்கச் சின்ன விரலை நீட்டினாள் மகள்.