இருபதாவது பித்தளைக் கூடு

ஏப்ரல் 4, வியாழன். மாலை 6.05.

கான்ஸ்டபிள் நைரி டிப்பேனே உள்ளே நுழைந்தபோது ஹியூ கார்வி ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்தார். நெஞ்சில் ஒரே துளை. காலடியில் ரைஃபிள் கிடந்தது. தோட்டா அறையை மூடித் திறக்கும் தாழான போல்ட் முழுவதும் பின்னால் இழுக்கப்பட்டிருந்தது, தோட்டா அறை காலி. மேஜையில் இருபது குழிகள் கொண்ட தோட்டாப் பெட்டி. அதில் பத்தொன்பது தோட்டாக்கள் இருந்தன, ஒரு குழி வெறுமை.

ஹியூவின் மகள் ஐலா வாசல் படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். வயது இருபத்திரண்டு, ஆஸ்பத்திரி நர்ஸ். 5.40க்கு வேலை முடிந்து வந்தவள் பார்த்தது இதைத்தான். எதிர் மலையில் கலைமான்கள் கத்திக்கொண்டிருந்தன. டோட்டாரா கிரீக் பள்ளத்தாக்கில் ஏப்ரல் வந்தால் இதுதான் பாட்டு. ஆண் மான் பெண்ணைத் தேடிக் கத்தும் கத்தல், தொண்டை கிழிந்த மனிதன் அழுவது போல இருக்கும்.

நைரிக்கு அந்த ரைஃபிளை அடையாளம் தெரிந்தது. அந்த ரைஃபிளை அன்று மதியம் 12.40க்கு ஹியூவின் கையில் கொடுத்ததே அவள்தான்.

வெளிநாட்டில் துப்பாக்கி வாங்கி நியூசிலாந்துக்குள் கொண்டுவருவது விளையாட்டுக் காரியம் இல்லை. ஹியூ ஜனவரியில் பின்லாந்து போனார். முழங்கால் பனியில் ஒரு சின்னக் கடையில் தேர்ந்தெடுத்தார். வாங்கிவிட்டுக் கையோடு எடுத்து வர முடியாது, அது அங்கிருந்து கிளம்பும் முன்பே இங்கே அனுமதி வாங்க வேண்டும். நைரி அவர் வீட்டுக்குப் போய் இரும்பு அலமாரியைத் தட்டிப் பார்த்தாள், போல்ட்டைத் தனியாகப் பூட்டிவைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். சுங்கத்தில் எண் சரிபார்த்து, எண்ணெய் மினுமினுக்க ரைஃபிள் வந்து சேர்ந்தது. தோட்டா ஒன்றுகூட உடன் வரவில்லை, அனுமதியில் தோட்டா இல்லை.

விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் ஹியூ எழுதியிருந்தது: "நான்கு வருடமாக ஒரு மிருகத்தைத் தேடுகிறேன்."

அதைப் படித்தும் அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாவி, கேட்டிருக்கலாம்.

ஏனென்றால் அந்த ரைஃபிளின் குழாய் அளவு ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர். பின்லாந்துப் பனிக்காட்டு மான்களுக்கானது, இந்தப் பள்ளத்தாக்கில் யாரிடமும் கிடையாது. நான்கு வருடம் முன்பு, இதே ஏப்ரலில், ஹியூவின் மகன் டங்கன் காட்டில் மானை வரவழைக்க மான் போலக் கொம்பு ஊதிக்கொண்டிருந்தபோது யாரோ மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். டங்கன் உடம்பில் எடுத்த குண்டும் ஒன்பது புள்ளி மூன்று. சுட்டவர் அகப்படவே இல்லை. அப்போது யாரிடம் எந்த ரைஃபிள் என்று பதிவு செய்யும் சட்டமும் வந்திருக்கவில்லை. சுட்ட இடத்தில் வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடுகூடக் கிடைக்கவில்லை.

6.30க்கு லெஸ் டன்ஸ்டன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். ஹியூவின் முப்பது வருட வேட்டைத் தோழர். டங்கனைத் தேடிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ஊரில் பாதிப் பேருக்குத் தோட்டா செய்து கொடுப்பவரும் அவரே. காலிக் கூட்டைக் கழுவி, வெடிமருந்து நிரப்பி, குண்டு பொருத்தித் தருவார். "லெஸ் ஒரு தடவை சுட்டா, ரெண்டு தடவை குனிவார்" என்று கிண்டல் செய்வார்கள். கூட்டைப் பொறுக்காமல் ஓர் அடி நகர மாட்டார்.

அவர் தன் சட்டையைக் கழற்றி ஐலாவின் தோளில் போர்த்தினார்.

"மகன கொன்ன அளவுலயே வாங்கிட்டு வந்து... அடப்பாவி ஹியூ, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

ஊரும் அதையே சொன்னது. அன்று மதியம் ரைஃபிளை வாங்கிக்கொள்ளும்போது ஹியூ நைரியிடம் சொன்ன கடைசி வார்த்தையும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது: "இனிமே தூக்கம் வரும், நைரி."

வெளியூர் அதிகாரிகள் ஒரு மணி நேரம் பார்த்தார்கள். எண்ணெய் பூசிய இரும்பில் கைரேகை தேறவில்லை. குண்டு இதயத்தைப் பிளந்துவிட்டது, விரலைக்கூட அசைத்திருக்க முடியாது என்றார் டாக்டர். தற்கொலை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 23, செவ்வாய். காலை 10.15.

மரண விசாரணை அடுத்த நாள். ஐலா ஸ்டேஷனுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், பத்தொன்பது நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டுமா? அண்ணன் போனப்ப அப்பாக்கு நான் இருந்தேன். எனக்கு யாரு இருக்கான்னு அப்பா ஒரு நிமிஷம் நினைக்கலையா?"

நைரி அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். 

"சாயங்காலம் ஆனா மான் கத்துது. அப்பா கூப்பிடற மாதிரியே இருக்கு. ஜன்னல எல்லாம் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். அன்னைக்கு நான் வாசல்ல இருந்தப்ப உள்ள போய் துப்பாக்கிய முதல்ல காலி பண்ணி வெச்சீங்களே. போல்ட்டத் தொறந்து போட்டிருந்தத அப்புறம்தான் பாத்தேன். அப்பா இருந்திருந்தா 'சபாஷ் நைரி'ன்னு சொல்லியிருப்பார்."

நைரியின் பேனா நின்றது.

"நானா?"

"ஆமா."

"நான் தொடவே இல்லடி. நான் வரும்போதே தொறந்துதான் கெடந்தது. ஏழு வயசுல உங்கப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதானே? நீதான் பண்ணியிருப்பேன்னு நினைச்சேன்."

"ஐயோ ஆன்ட்டி, நான் கதவத் தாண்டவே இல்ல! அங்க நின்னுதான் உங்களுக்கு போன் பண்ணேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

இந்த ஊரில் திறந்து கிடக்கும் போல்ட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நடக்கிறவன் செருப்பைப் பார்க்காத மாதிரி. யார் கையில் துப்பாக்கி வந்தாலும் முதல் வேலை அதுதான். யாரோ ஒரு நல்ல மனிதர் செய்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள். நைரியும் அப்படித்தான் விட்டாள்.

ஆனால் இதயம் பிளந்தவர் எழுந்து போல்ட்டைத் திறக்க முடியுமா?

10.40. நைரி சான்றுப் பட்டியலை எடுத்தாள். ரைஃபிள் ஒன்று. தோட்டா பத்தொன்பது. பெட்டி ஒன்று. மறுபடி மேலிருந்து படித்தாள். போல்ட் பின்னால் இழுபட்டால் வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு எகிறி வெளியே விழ வேண்டும். பட்டியலில் கூடு இல்லை. வெளியூர்க்காரர்கள் எடுத்தார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். போன் செய்தாள். அவர்கள் அவள் எடுத்தாள் என்று நினைத்திருந்தார்கள்.

"வீட்டக் கூட்டினப்ப ஏதாவது கெடச்சுதா, ஐலா? விரல் நீளப் பித்தளை?"

"நாற்காலி, அலமாரி எல்லாத்தையும் நகத்திக் கூட்டினேன் ஆன்ட்டி. ஒண்ணும் இல்ல."

11.20. பக்கத்து நகரத்துத் துப்பாக்கிக் கடைக்கு அடுத்த போன்.

"ஒன்பது புள்ளி மூணா?" கடைக்காரர் சிரித்தார். "பத்து வருஷத்துல ஒருத்தரும் கேக்கல. தோட்டா கெடையாது. சொந்தமா செய்யணும்னா கூட்டுல குண்டப் பொருத்த அந்த அளவுக்கு அச்சு வேணும். வெளிநாட்டுலேர்ந்து வரணும், ஏழு வாரம் ஆகும்."

நைரி போனை வைத்தாள். அந்தப் பத்தொன்பது தோட்டாவும் கையால் செய்தவை. யார் கை என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் கேட்கவில்லை.

மதியம் 2.15.

பக்கத்து ஊர் கான்ஸ்டபிளை கேட்டருகே நிறுத்திவிட்டு நைரி லெஸ்ஸின் பட்டறைக்குள் போனாள். வெடிமருந்து வாசனை. சுவர் நிறைய அச்சுகள், ஒவ்வொன்றும் துடைத்து அதனதன் இடத்தில் இருந்தன.

"வா வா நைரி. டீ போடவா?"

"வேணாம் லெஸ். நாளைக்கு விசாரணை, ரெண்டு மூணு சந்தேகம். ஹியூவோட தோட்டா நீங்க செஞ்சதா?"

"ஆமா. வேற யாரு செய்வா?"

"எப்பக் கேட்டார்?"

"செவ்வாக்கிழமை. புதன் சாயங்காலம் கொடுத்தேன். புதுக் கூடு, இருபது." குரல் தழுதழுத்தது. "எதுக்குக் கேக்கறான்னு தெரிஞ்சிருந்தா கைய வெட்டிட்டிருப்பேன்."

"ஒரே நாள்ல செஞ்சிட்டீங்களா?"

"கை வேகம்." சின்னதாகச் சிரித்தார்.

"வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனீங்களா?"

"சேதி கேட்டு ஆறரைக்கு வந்தேனே, நீயே பாத்தியே."

"அதுக்கு முன்னாடி?"

"இல்ல."

"அந்த ரைஃபிள்?"

"கண்ணால பாத்ததே இல்ல. உள்ள போகவே மனசு வரலையே எனக்கு."

நைரியின் பார்வை ஜன்னலடி மரத்தட்டில் நின்றது. கழுவித் துடைத்த காலிக் கூடுகள் வெயிலில் காய்ந்தன. எல்லாம் ஒரே அளவு, வரிசை தப்பவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தடியாக நின்றது. கையுறை மாட்டி அதை எடுத்து அடியைப் பார்த்தாள். வெடித்த அடையாளமாகத் துப்பாக்கியின் ஊசி குத்திய தடம். அதைச் சுற்றிப் பொறித்திருந்த அளவு: ஒன்பது புள்ளி மூன்று.

"இது எது, லெஸ்?"

லெஸ் அதையே பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது. பொய்யில் மாட்டிக்கொண்டவர் முகமாக அது இல்லை, பேயைப் பார்த்தவர் முகமாக இருந்தது.

"அத... நான் எப்ப அங்க வெச்சேன்?"

"நானே சொல்றேன். ஹியூவோட ரைஃபிள் இந்த மண்ணுல ஒரே ஒரு தடவைதான் வெடிச்சிருக்கு. மதியம் வெறுமையா நான் கொடுத்தேன், சாயங்காலம் அவர் செத்துக் கெடந்தார். இது அந்தக் கூடுன்னா, அது வெடிச்சப்ப நீங்க அங்க இருந்தீங்க. ஊசித் தடத்த ஒப்பிட்டுப் பாத்தா தெரிஞ்சுடும். இல்ல, இது வேற ஒன்பது புள்ளி மூணுல வெடிச்சது, உங்களோட பழைய ரைஃபிள் ஒண்ணுல வெடிச்சதுன்னு சொல்றீங்களா? அப்படின்னா டங்கனச் சுட்டது யாருன்னு நான் தேட வேண்டியதில்ல. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

லெஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார். 

"ரெண்டுந்தான்," என்றார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை அப்படித்தான் வெளியே வந்தது. பதிவுச் சட்டத்துக்கு முன் அவரிடம் ஒரு பழைய ஒன்பது புள்ளி மூன்று இருந்தது. அன்று காட்டில் மான் கத்தியது. இவர் பதிலுக்குக் கத்தினார், அது மறுபடி கத்தியது. பழுப்பாக ஏதோ அசைந்ததும் சுட்டார்.

"கிட்டப் போய்ப் பாத்தேன். டங்கன் கையில கொம்பு இருந்தது. நான் கூட்டப் பொறுக்கி ஜோபில போட்டுட்டேன், நைரி. பையன் அங்க கெடக்கான், நான் கூட்டப் பொறுக்கறேன்! அப்புறம் ரெண்டு நாள் அவங்கப்பனோட சேந்து அவனத் தேடினேன். எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு எனக்குத்தான் தெரியுமே. ரைஃபிள ஆத்துல வீசினேன். அச்ச வீச மனசு வரல. நல்ல அச்சு."

"அந்த அச்சுக்காகத்தான் ஹியூ பின்லாந்துக்குப் போனார்," என்றாள் நைரி. அவளுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. "சாகறதுக்கு இல்ல. அந்த அளவுல ரைஃபிள் இல்லாம தோட்டா கேட்டா யாரும் செஞ்சு தர மாட்டாங்க. அனுமதியோட, ஊரறிய வாங்கினார். அப்புறம் உங்ககிட்ட வந்து கேட்டார், அந்த அச்சு உங்ககிட்ட இருக்கான்னு பாக்க."

"ஏழு வாரம் ஆகும்னு நான் சொல்லியிருக்கணும்." லெஸ் தலையில் அடித்துக்கொண்டார். "வேலைன்னதும் கை தானா ஓடிடுச்சு. வியாழக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிட்டான். 'அச்சு எங்கேர்ந்து வந்தது லெஸ்?'னு கேட்டான். திட்டல, கத்தல. 'வா, நைரிகிட்டப் போலாம், நானும் கூட வரேன்'னான். என்ன நம்பி ரைஃபிள என் கையிலயே கொடுத்தான். நான் தோட்டாவ எடுத்துப் போட்டேன். 'நீ சுட மாட்டே'ன்னு சொன்னான். நாற்காலிய விட்டு எந்திரிக்கக்கூட இல்ல."

"அப்புறம்?"

"ஒண்ணும் ஞாபகம் இல்ல. சத்தியமா."

ஞாபகம் இல்லாமலே அவர் கை போல்ட்டைத் திறந்தது, துப்பாக்கியைப் பத்திரமாக்கியது, கூட்டைப் பொறுக்கியது, கழுவித் துடைத்துத் தட்டில் நிறுத்தியது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

மாலை 5.30.

ஐலா முழுவதையும் கேட்டாள்.  போர்த்திய அந்தச் சட்டையை நினைத்தோ என்னவோ, தோளை மட்டும் ஒரு தடவை உதறிக்கொண்டாள்.

"அப்ப அப்பா என்ன விட்டுட்டுப் போகல."

"போகல கண்ணு. நிம்மதியாத் தூங்கத்தான் பாத்தார். எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனார், எனக்குத்தான் புரியல. அந்தக் காரணத்தப் படிச்சப்பவே நான் கேட்டிருக்கணும். என்ன மன்னிச்சிடு."

அப்போது ஐலா அழுதாள். பத்தொன்பது நாளாக அழுத அழுகை வேறு, இது வேறு. நைரியும் சேர்ந்து அழுதாள். எதிர் மலையில் மான் கத்தியது. ஐலாவின் கை காதுக்குப் போகவில்லை.

வழக்கு முடிய ஏழு மாதம் ஆனது. ரைஃபிள் சட்டப்படி ஐலாவுக்கு வந்தது. உருக்கிவிடலாமா என்று நைரி கேட்டாள்.

"வேணாம் ஆன்ட்டி. வந்த கடைக்கே திருப்பி அனுப்பிடலாம்."

"அதுக்கும் அனுமதி வேணும்டி."

"தெரியும்."

நைரி விண்ணப்பத்தை நீட்டினாள். இந்த முறை கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'காரணம்' என்ற கட்டத்தில் ஐலா எழுதியிருந்தாள்:

"வந்த வேலை முடிந்துவிட்டது."