திருத்தும் கை

குள்ளன் பொம்மையின் இடுப்புவாரைச் சின்னவர் சிவப்பாகத்தான் விட்டுவிட்டுப் படுக்கப் போனார். காலையில் வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக வந்து பார்த்தால் அது பழுப்பாக இருந்தது.

வெறும் பழுப்பு என்றால் விளக்கு வெளிச்சம் கண்ணை ஏமாற்றிவிட்டது என்று விட்டிருப்பார். ஆனால் வாரின் மேல்விளிம்பு நெடுக, எறும்பின் மீசையைப் பிடுங்கி ஒட்டியதுபோல, ஒரு வெளிர்க்கோடு ஓடியது. கட்டைவிரல் உயரப் பொம்மையின் இடுப்பில் கை நடுங்காமல் அப்படிக் கோடு போடுகிற ஆள் அவருக்குத் தெரிந்து ஒருவர்தான். அந்த ஆள் போன மழைக்காலத்தில் செத்துப்போயிருந்தார்.

சாதாரண மனிதனுக்கு இந்த இடத்தில் பயம் வரும். சின்னவருக்குக் கோபம் வந்தது.

“செத்த பிறகாவது கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?” என்று ஜன்னலோரம் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்து நுரை தெறிக்கக் கேட்டார்.

அது அவர் அண்ணனின் நாற்காலி. ராட்சதர், மந்திரவாதி, எலும்புக்கூட்டு வீரர், றெக்கை முளைத்த குதிரை என்று இல்லாத உலகத்து ஜனங்களையெல்லாம் ஈயத்திலும் பிளாஸ்டிக்கிலும் வாங்கிச் சேர்த்து, மருந்துபாட்டில் மூடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பூதக்கண்ணாடி விளக்கின் அடியில் வர்ணம் தீட்டுவதுதான் சகோதரர் இருவருக்கும் பொழுதுபோக்கு. தெரிந்தவர்களுக்கெல்லாம் அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர். லிஃப்ட் ரிப்பேர் வேலையில் மேலும் கீழும் போய்வந்தே தலை நரைத்த பிறகும் சின்னவர் சின்னவராகவே இருந்தார். அதைக்கூட மன்னித்துவிடுவார். மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. தம்பி முடித்துவைத்த எந்தப் பொம்மையையும் பெரியவர் அப்படியே விட்டதில்லை. “நல்லா இருக்குடா” என்பார். சொல்லி முடிப்பதற்குள் பொம்மை அவர் கையில் இருக்கும். பிறகு அது தம்பியின் பொம்மையாக இருக்காது.

அண்ணன் திருத்தாத ஒரே ஒரு பொம்மை. அதை, வழக்கமாக வர்ணம் வாங்குகிற பெயிண்ட் கடையின் கண்ணாடி அலமாரியில், அண்ணன் பொம்மைகள் மட்டுமே நின்ற நடுத்தட்டில் வைக்க வேண்டும். அண்ணன் செத்த அன்று குலுங்கிக் குலுங்கி அழுதபோதே சின்னவரின் மனசு ஓர் ஓரமாக நின்று நினைத்துக்கொண்டது இதைத்தான்.

பழுப்பு வாரைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார்.

“இப்பத்தாங்க லட்சணமா இருக்கு. நேத்து ஏதோ தக்காளி சாஸைக் கொட்டின மாதிரி இருந்துச்சு.”

“உன்னை யாரு கேட்டா?”

“கேக்காமத்தான் மூக்குக்கு நேரா நீட்டுறீங்களா?”

மறுபடி சிவப்படித்தார், முன்னைவிடத் தடியாக. காலையில் பழுப்பு.

சரி, வீட்டில் வைத்தால்தானே என்று ஒரு மந்திரவாதியை முழுச் சிவப்பில் முடித்து, ஈரம் காய்ந்ததும் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து, தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டு, பைமேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு பஸ் ஏறினார். பக்கத்து இருக்கைக்காரர் நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். வழியெல்லாம் உள்ளங்கைக்குக் கீழே என்னவோ இருந்தது. அவருடைய நெஞ்சுத்துடிப்பு இல்லை. அதைவிட நிதானமாக, பூனை நாக்கால் துணியை நக்குவதுபோல மெத்தென்று, இடம் வலம், இடம் வலம் என்று ஓர் உரசல்.

கடையில் தீப்பெட்டியைத் திறந்தார். மந்திரவாதியின் அங்கி நீலமாயிருந்தது. மடிப்புக்கு மடிப்பு நிழல் விழுந்திருந்தது.

“என்ன சின்னவரே, அண்ணன் கை அப்படியே உங்களுக்கு வந்துடுச்சே!” என்றார் கடைக்காரர். “கொடுங்க, நடுத்தட்டுல வைப்போம்.”

“அவன் கை அவனோட போச்சு. இது என் கை.”

“கோவிச்சுக்காதீங்க. நல்லதத்தானே சொன்னேன்.”

“நல்லத நீங்களே வச்சுக்குங்க” என்று மந்திரவாதியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவர், அதை ரோட்டில் போட்டுச் செருப்புக்காலால் தேய்த்தார். போகிறவர்கள் பீடி அணைக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்த சூட்டோடு குள்ளனைத் தூக்கி, வார் மட்டுமல்ல, தாடி, தொப்பி, கோடாரி எல்லாவற்றிலும் சிவப்பை அப்பினார். விடிந்தபோது, பொம்மைகள் இருக்கும் பின்னறையிலிருந்து சத்தம் வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் பிரஷ் காம்பைத் தட்டுகிற சத்தம். டிங், டிங். பெரியவர் ஒரு நிறத்தைக் கழுவிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போகிற சத்தம். அதோடு பெயிண்ட் உரிக்கும் கரைசலின் நெடி, மூக்கைக் கீறுகிற மாதிரி. எழுந்து ஓடினார். யாருமில்லை. குள்ளன் நின்றுகொண்டிருந்தான். சிவப்பு இல்லை, பழுப்பும் இல்லை. கண் காது தாடி என்று எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் உரித்துவிட்டு, புதுசாக ஆரம்பிக்கத் தோதாக, மேலிருந்து கீழ்வரை சாம்பல்நிற பிரைமர், அடிப்பூச்சு மட்டும் பூசியிருந்தது. கை அதிகம் பட்டுக் கெட்டுப்போன பொம்மையைப் பெரியவர் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய மாட்டார். உரித்துவிடுவார்.

சின்னவர் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்.

“பொம்மையோட ஏன் நிறுத்திக்கிறே? அவ்வளவு கை அரிக்குதுன்னா, இந்த வீட்ல மிச்சம் இருக்கிறதையும் திருத்தேன் பாப்போம்!”

பெரியவர் எப்போதுமே சொன்ன பேச்சைக் கேட்கிறவர்தான்.

முதலில் கூரையில் இருந்த ஈரக்கறை போயிற்று. பிறகு கதவு நிலையின் கீறல். பிறகு டம்ளரின் விளிம்பில் உடைந்திருந்த மூளி. “ராவோட ராவா பெயிண்ட் அடிச்சீங்களா? சொல்லவேயில்ல!” என்று மனைவி பூரித்தாள். சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டு, திருந்திய கதவை ஒரு நாளைக்குப் பத்து முறை அறைந்து சாத்தினார்.

அந்த வீட்டில் பெரியவர் குறையே சொல்லாத ஒன்று உண்டென்றால் அது சின்னவரின் மனைவி. “உனக்குக் கிடைச்சதுலயே உருப்படி இதுதாண்டா” என்று உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கிறார். அண்ணன் கை படாமல் தனக்கென்று வந்த ஒரே உயிர் என்று சின்னவர் நம்பிக்கொண்டிருந்தது அவளைத்தான்.

ஒரு காலை அவள் டீ டம்ளரை வைக்கக் குனிந்தாள். ஈரப் பெயிண்டின் வாசனை அடித்தது.

“உன் மச்சம் எங்கடி?”

“கன்னத்துல இருந்ததா? போயிடுச்சு. நல்லதுதானே? பத்து வயசு குறைஞ்ச மாதிரி இல்ல?”

சிரித்தாள். சிரித்தால் கண்ணோரம் மடிகிற தோல் மடியவில்லை. கன்னத்தின் மேட்டில், அறைக்குள் எங்கேயும் இல்லாத ஒரு வெளிச்சத்தின் வெளிர்க்கோடு.

முதன்முறையாகச் சின்னவருக்குப் பயம் வந்தது. வந்த பயத்தை அவர் கோபத்தால் மூடிக்கொண்டார்.

ஞாயிறு மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தாள். சின்னவர் பழுப்பையும் கறுப்பையும் குழைத்து, இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். மச்சத்தைத் திருப்பி வைத்துவிட்டால் போதும். அவள் அவளாகிவிடுவாள். பிரஷ்ஷைக் கன்னத்தருகே கொண்டுபோனார். கை நின்றது.

எந்தக் கன்னம்?

கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார். ஒரு படத்திலும் மச்சம் இல்லை. எல்லாப் படத்தையும் திருத்தியாகிவிட்டது. வியர்வை மூக்குநுனியில் நின்றது. குத்துமதிப்பாக இடது கன்னத்தில் வைத்தார். தடித்துவிட்டது. வழிந்தது.

அவள் எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். “யாரு என் மூஞ்சில சேத்த அப்புனது?”

“நான்தான். உன் மச்சம்.”

“அது வலது பக்கங்க!” கண்ணாடியை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். “இத்தனை வருஷமா யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தீங்க? உங்க அண்ணனக் கேட்டிருந்தா கண்ண மூடிக்கிட்டுச் சொல்லியிருப்பாரு.”

அந்தப் பேச்சுதான். அது மட்டும் வராமல் இருந்திருந்தால் அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்திருப்பார். “காட்டுடி இங்க!” என்று அவள் தாடையைப் பிடித்து வலது கன்னத்தில் வைத்தார். அவள் தலையை வெடுக்கென்று திருப்பினாள். காதுவரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. துடைத்தார். ஈஷியது. மறுபடி வைத்தார். அவள் அழ ஆரம்பித்தாள். பிரஷ்ஷை எறிந்துவிட்டு, திருந்திய கதவை அறைந்து சாத்திவிட்டு, வெயில் சாயும்வரை தெருத்தெருவாக நடந்தார்.

திரும்பியபோது கதவு திறந்திருந்தது.

நெடி. மூக்கைக் கீறுகிற அதே நெடி.

பின்னறையில் ஜன்னலோரம், பெரியவரின் நாற்காலியில், முடிவெட்ட உட்கார்ந்தவள்போல அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். எப்போதும் முனகுகிற பாட்டு.

“இங்க பாரேன். தப்புதான்...”

திரும்பினாள்.

சாம்பல். நெற்றியிலிருந்து கழுத்துவரை. மழமழவென்று. கறை இல்லை. புருவம் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. முனகல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது. மூடிய பாத்திரத்துக்குள் கொதிக்கிற தண்ணீர்போல.

“அடேய்!” சின்னவர் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போய் நின்றார். “அவ என்னோடவ. விடுடா. விட்டுடு.”

டிங், டிங்.

முனகல் நின்றது. சாம்பலின்மேல் ஒரு கோடு தொடங்கியது. இடமிருந்து வலம். நடுங்காமல். மேலுதடு. பிறகு கீழுதடு. ஓரத்தில் துளி நிழல். அது அவள் வாய் இல்லை.

காய்வதற்குள் அந்த வாய் திறந்தது.

“தள்ளி நில்லுடா. வெளிச்சத்த மறைக்கிற.”

சின்னவர் தள்ளி நின்றார்.