எதிர்ப்பு எட்டு

மாலை 6.20. அறக்கட்டளைச் செயலாளர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார். கோப்பையில் பாதிக் காபி ஆறியிருந்தது. உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு கருவி. அறக்கட்டளையின் ஓட்டையும் உத்தரவையும் பதியும் சாவி அது.

எதிர்ச் சுவரில் பெரிய திரை.

தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 24. எதிர்ப்பு 16.

கடைசிப் பதிவு: அறக்கட்டளை, எதிர்ப்பு, 8. நேரம் 5.52. ஆறு மணிக்கு ஓட்டெடுப்பு முடிந்திருந்தது.

டாக்டர் கோப்பையை முகர்ந்தார். "விஷம். அஞ்சு மணிக்கெல்லாம் போயிருப்பார்."

செத்தவர் ஓட்டுப் போட மாட்டார். கொன்றவன் உட்கார்ந்து போட்டிருக்கிறான்.

இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷனில் வைத்த பெயர் குடைச்சல். உடலைக் கண்டுபிடித்த கணக்கரிடம் குடையத் தொடங்கினார். கணக்கர் ஆறு மணிவரை பல் டாக்டரிடம் இருந்தவர். கன்னம் வீங்கியிருந்தது.

"எதுக்கு இந்த ஓட்டு?"

"எங்க பிளாக்செயின்ல, அந்த டிஜிட்டல் கணக்குச் சங்கிலியில, லட்சம் பேர் பணம் ஓடுது சார். ஆபத்துன்னா மொத்தத்தையும் நிறுத்தற அதிகாரம் எங்க அறக்கட்டளைக்கு. அதை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுக்கலாமான்னு ஓட்டு. டோக்கன், அதாவது ஓட்டுப் பங்கு, வச்சிருக்கிற யாரும் போடலாம். நூத்துக்குக் குறைஞ்சது நாப்பது பங்கு பதிவானாத்தான் செல்லும்."

"உங்ககிட்ட எவ்வளவு?"

"இருபது. பிரிச்சும் போடலாம். ஆனா பெரும்பாலும் போடறதில்ல. போட்டா நாட்டாமை பண்றோம்னு ஏசுவாங்க."

"இன்னைக்கு என்ன முடிவு?"

"அம்மா எதிர்த்துப் போடச் சொன்னாங்க. சின்னவர் ஆதரிக்கச் சொன்னார். ஐயா, சும்மா இருங்க, ஆள் சேராம தானா விழும்னுட்டார். அம்மா கதவை அறைஞ்சிட்டுப் போனாங்க."

அம்மா என்பது செயலாளரின் மனைவி, வக்கீல். சின்னவர் செயலாளரின் தம்பி, புரோகிராமர். கருவியின் ரகசிய எண் செயலாளரைத் தவிர இவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.

மனைவி அழவில்லை. "சண்டை போட்டேன். கொல்லலை."

"எதிர்ப்பு ஓட்டு விழுந்திருக்கு. எதிர்த்தது நீங்க மட்டும்தான்."

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தாள். மனைவி அதைப் பார்த்தாள்.

"என் பொண்ணுக்கு அப்பா இல்ல. அம்மாவையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

குடைச்சல் கண்ணைக் காட்டினார். விலங்கு பூட்டிக்கொண்டது.

தம்பி ஜன்னலோரம் நின்றான். "அண்ணிக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது சார். நான் ஆதரவு. எதிர்த்துப் போட்டு என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்குவேனா?"

நியாயமாகத்தான் பட்டது. குடைச்சல் திரைக்குத் திரும்பினார். கடைசிப் பதிவை இரண்டு முறை படித்தார்.

"விலங்கைக் கழட்டு."

"சார்?"

"கண்ணு மண்ணு தெரியாத கோபக்காரி, கையில இருபது இருக்கறப்ப எட்டை மட்டும் எண்ணிப் போடுவாளா?"

குடைச்சல் தம்பி பக்கம் திரும்பினார்.

"இருபதும் விழுந்திருந்தா எதிர்ப்பு இருபத்தெட்டு. தீர்மானம் தோத்திருக்கும். யாரும் தொடாம இருந்தா மொத்தம் முப்பத்திரண்டுதான். செல்லாமப் போயிருக்கும். எட்டு போட்டாத்தான் சரியா நாப்பது. பேருதான் எதிர்ப்பு. பிழைச்சது தீர்மானம். ஆதரவுன்னு போட்டா நீ மாட்டுவே. எதிர்ப்புன்னு போட்டா அண்ணி மாட்டுவாங்க. அந்தக் கம்பெனி யாரோடது தம்பி?"

தம்பி திரையைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"யாரோடதா இருந்தா என்ன? நிறைவேறியாச்சு. நாளைக்குக் காலையில அதிகாரம் கைமாறும். இதுல அழிக்கறது, திருத்தறது எதுவும் கிடையாது. உங்க கோர்ட்டு, ஜெயில் எதுவும் சங்கிலிக்குத் தெரியாது."

மனைவி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்குத்தானே தம்பி? இன்னைக்கு நிறுத்தற அதிகாரம் யார்கிட்ட?"

அவன் சிரிப்பு நின்றது.

கைரேகை எடுத்து முடிந்திருந்தது. குடைச்சல் தலையசைத்தார். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கருவியை அவளே எடுத்தாள். எண்ணைப் போட்டாள்.

"அண்ணி, லட்சம் பேர் பணம் முடங்கிடும்."

"களவு போறதுக்கு முடங்கறதே மேல்."

கருவியின் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாள். திரை சிவந்தது. ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. தீர்மானம் அமலாக ஓடிய கடிகாரமும் நின்றது.

அவள் கணவனின் தலைமுடியைச் சரிசெய்தாள்.

"சும்மா இருன்னீங்க. இப்ப எல்லாமே சும்மா இருக்கு."