கடைசியாக நடப்பவர்

திரும்பிப் பார்த்தபோது ரிப்பன் இல்லை.

இப்போதுதான் மிலாடா அதைத் தன் கையால் கட்டியிருந்தாள். பீச் மரக் கிளையில், கண் உயரத்தில், பாதையின் வலப்பக்கம், இரட்டை முடிச்சு. பத்தடி பின்னால் போய்க் குனிந்து தேடினாள். சருகு கிடந்தது, காளான் கிடந்தது, ஆரஞ்சு நிறத்தில் ஒன்றும் கிடக்கவில்லை.

"யித்கா, நீ அவுத்தியா?"

"நான் உனக்கு முன்னாடி போறேன்மா. எனக்கு என்ன முதுகுலயா கை இருக்கு?" மகள் நிற்காமலே சிரித்தாள். "உன் முடிச்சு லட்சணம் அப்படி. வேற ஒண்ணு கட்டிட்டு வா."

மிலாடா வேறொன்று கட்டினாள். இந்த முறை மூன்று முடிச்சு.

மறுநாள் நடைச் சங்கத்தின் இலையுதிர்கால நெடுநடை. நாற்பத்து நான்கு கிலோமீட்டர். இரண்டு பாழடைந்த கோட்டைகள், காடு, மூன்று கிராமங்கள். பதினேழு வருடமாக வழியைத் திட்டமிடுபவள் மிலாடாதான். குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, வளைவுகளின் மேல் நூலை ஒட்டவைத்து அளப்பாள். எந்தக் கிராமத்தில் சூடான சூப் கிடைக்கும், கால் ஓய்ந்தவர்கள் எங்கே பஸ் பிடிக்கலாம் என்பதெல்லாம் அவள் நோட்டில் இருக்கும். வழி முழுக்க மரங்களில் வழிகாட்டும் வண்ணக்கோடு உண்டு, கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். ஹாவ்ரான் கோட்டையிலிருந்து லிப்கா கிராமம் வரை உள்ள ஆறு கிலோமீட்டருக்கு மட்டும் கோடு கிடையாது. அங்கே ரிப்பன் கட்டத்தான் அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள்.

நெடுநடையில் எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வருவார். ரிப்பன்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வருவது அவர் வேலை. அவர் எட்டிப் பிடித்துவிட்ட ஆள் அதற்கு மேல் தனியாக நடக்கக் கூடாது, அவர் கூடவே, அவர் வேகத்தில்தான் வந்து சேர வேண்டும். காட்டில் யாரும் தங்கிப்போய்விடக் கூடாதல்லவா, அதற்காக. இருபது வருடம் அந்த வேலையைப் பார்த்தவர் ஓடகார். முழங்கால் வலிக்குக் கற்பூரத் தைலம் பூசிக்கொண்டு வருவார். அவர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும்.

போன வருடம் அவர் வந்து சேரவில்லை.

நடக்கிறவர்களுக்கெல்லாம் ஒரு அட்டை கொடுப்பார்கள், முடிவில் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கடைசியாக வருகிறவருக்கு மட்டும் அட்டை கிடையாது. கொடுத்த அட்டை அறுபத்தொன்றும் கைக்கு வந்ததும் மிலாடா பெட்டியை மூடிவிட்டு விடுதிக்குள் போனாள். பியர் குடித்தாள், பாட்டுக்கூடப் பாடினாள். ஓடகார் தனிக்கட்டை, வீட்டில் தேடவும் ஆளில்லை. இரண்டு நாள் கழித்து ஹாவ்ரான் சுவருக்கு அடியில், கால் முறிந்து, உறைபனியில் வெள்ளையாய்க் கிடந்தவரைக் கண்டெடுத்தார்கள். விடியும் வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர். யாரும் மிலாடாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அவர் நினைவாக இந்த வருடமும் அதே வழி என்று சங்கம் முடிவு செய்தது. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அக்டோபருக்குப் பொருந்தாத வெயில் அடித்தது. மரம் வெட்டிய மேட்டில் உட்கார்ந்து ரொட்டியும் வெங்காயமும் சாப்பிட்டார்கள். கீழே அவர்கள் ஏறி வந்த பாதை வளைந்து வளைந்து தெரிந்தது. மிலாடா ரிப்பன்களைத் தேடினாள். கட்டியது எட்டு. கண்ணுக்குப் பட்டது மூன்று, மேட்டுக்கு மிக அருகில் உள்ளவை. வண்டுகளின் ரீங்காரமும் எங்கோ ஒரு மரங்கொத்தியும் தவிரச் சத்தமில்லை, இலை அசையவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றில் தொலைவில் இருந்த ரிப்பனின் வால் மெதுவாக மேலே எழுந்தது, முடிச்சு நிதானமாக, பழகிய கை அவிழ்ப்பதுபோல் அவிழ்ந்தது, ஆரஞ்சு நிறம் ஒரு பைக்குள் போவதுபோல் மறைந்தது.

அங்கே ஆள் இல்லை.

"எந்திரிடி."

"இன்னும் பாதி ரொட்டி இருக்கு."

"நடந்துக்கிட்டே தின்னு. எந்திரி."

யித்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், ரொட்டியைப் பையில் திணித்தாள். மேட்டைத் தாண்டி ஊசியிலைக் காட்டுக்குள் இறங்கினார்கள். உள்ளே வெயில் இல்லை. பிசின் வாசனை, ஈரப் பாசி வாசனை, அழுகிய மரத்தின் வாசனை. அதற்குள் மெல்லியதாக இன்னொன்று.

கற்பூரம்.

"வேகமா நட, யித்கா."

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"கேள்வி கேக்காதே. வேகமா!"

அவசரப்படுத்தியது அவள்தான். அதைப் பிறகு எத்தனை முறை நினைத்தாலும் மாற்ற முடியவில்லை. யித்காவின் கால் வேருக்கடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த சுள்ளி முறிவதுபோல் கேட்டது.

தூக்கிப் பார்த்தாள். முப்பது அடி போவதற்குள் இருவரும் விழுந்தார்கள். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. லிப்கா இன்னும் இரண்டு கிலோமீட்டர்.

"நீ ஓடிப்போய் வண்டி கூட்டிட்டு வா." யித்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மரத்தில் சாய்ந்தாள். வலியிலும் அவளுக்குக் கிண்டல் போகவில்லை. "என் எடைக்கு என்னை எவன் தூக்கிட்டுப் போகப்போறான்? போம்மா."

"உன்ன விட்டுட்டுப் போக மாட்டேன்."

"ராத்திரி பனி விழும். ரெண்டு பேரும் சேந்து விறைக்கணுமா?"

மிலாடா தன் கோட்டைக் கழற்றி மகளுக்குப் போர்த்தினாள். ஓடினாள். ஒரு வளைவு. திரும்பினாள், யித்கா கையாட்டினாள். இன்னொரு வளைவு. மரங்கள் மறைத்தன.

பின்னால் யித்காவின் குரல்.

"ஓ, நீங்களா!"

பிறகு சிரிப்பு. தெரிந்தவரிடம் சிரிக்கும் சிரிப்பு.

மிலாடா திரும்பி ஓடினாள். கிளை முகத்தைக் கிழித்தது. தெரியவில்லை. ஓடினாள்.

யித்கா எழுந்து நின்றிருந்தாள். முறிந்த காலை ஊன்றி, நேராக. இடப்பக்கத் தலைமுடி வெளுத்திருந்தது. இடப்பக்க இமையில், கன்னத்தில், கோட்டின் கையில் உறைபனி பூத்திருந்தது. வலப்பக்கம் வியர்த்திருந்தது.

"அம்மா, அவர் என்னைப் பிடிச்சிட்டாரு."

"வா. என் கூட வா."

"இனிமே அவர் கூடத்தானே வரணும். நீதானே சொல்லுவே."

மிலாடா அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டது, பனியில் கிடந்த இரும்பைத் தொட்டதுபோல். பிடுங்கியபோது ரத்தம் வந்தது.

"ஓடகார்," என்றாள் காற்றைப் பார்த்து. "பெட்டிய நான்தான் மூடுனேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவள விட்டுருங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

கற்பூர வாசனை நகரவில்லை. யித்கா இடது கையை மடித்து, யாரோ ஒருவரின் முழங்கையைக் கோத்துக்கொள்வதுபோல் வைத்துக்கொண்டு, நடக்க ஆரம்பித்தாள். லிப்காவை நோக்கித்தான். நிதானமான நடை. மிலாடா பக்கத்திலேயே நடந்தாள், பேசிக்கொண்டே, அழுதுகொண்டே, காடு மெலியும் வரை, உழுத வயலும் கிராமத்துக் கூரைகளும் மரங்களுக்கிடையே தெரியும் வரை. நாய் குரைத்தது. இருட்டிக்கொண்டு வந்தது, ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது.

"வந்துட்டோம்டி. இதோ. இருபது அடி."

மிலாடா வயலில் கால் வைத்துத் திரும்பினாள்.

யித்கா காட்டின் கடைசி மரத்துக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள். சருகு நொறுங்கியது. கால்கள் ஒன்று மாற்றி ஒன்று முன்னால் வந்தன. வெண்மை மூக்கைத் தாண்டி வலப்பக்கக் கன்னத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் அம்மாவைப் பார்த்து, இதோ வந்துவிட்டேன் என்று சிரித்தபடி நடந்தாள், நடந்தாள், அவளுக்குப் பக்கத்திலிருந்த மரம் பின்னால் போகாமல் அவள் பக்கத்திலேயே இருந்தது.