பன்னிரண்டு அறைத் தண்ணீர்

கப்பல் அறையில் குளிப்பதென்றால் முதலில் உடம்பைச் சுருக்கப் பழக வேண்டும். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தூக்க முடியாது. பேராச்சிக்கு இரண்டே மாதத்தில் எல்லாம் கைவந்துவிட்டது. உயரமான வாசற்படியில் கால்விரல் இடிக்காமல் தாண்டுவாள். மூடியைச் சாத்திவிட்டுத்தான் கழிப்பறைப் பொத்தானை அமுக்குவாள். இல்லாவிட்டால் அது உறிஞ்சுகிற சத்தத்தில் ஈரக்குலை நடுங்கும். ஷவரில் தொண்ணூறு விநாடிதான் தண்ணீர் வரும். நனைய முப்பது, அலச அறுபது.

அந்தக் காலத்தில் இது உல்லாசக் கப்பலாம். கடல் ஏறிக் கரையோர ஊர்களை விழுங்கிய பிறகு நாலாயிரம் பேருக்கு இதுவே ஊர். பேராச்சியும் புருஷன் சுடலைமுத்துவும் தூத்துக்குடிப் பக்கத்து முகாமிலிருந்து ஏறியவர்கள். மூன்று மாதம் சோதனைக்காலம். தேறினால் அறை அவர்களுக்கு. தேறாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் இறங்கி, வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் தருகிற அதே முகாமுக்குப் போக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் சுடலைமுத்து எஞ்சின் தளத்து வேலை முடிந்து வந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"எரியுதுட்டி. தூங்கி நாலு நாளாச்சு."

"உடம்புச் சூடுங்க. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா ஓடிரும். உக்காருங்க."

"எண்ணெய் கூடாதுன்னு போர்டுல போட்டிருக்காம்லா?"

"ஒரு கை எண்ணெய்ல கப்பல் முங்கிருமாக்கும்!"

ஒரு கையாம்! சனிக்கிழமைக் குளியல் என்றைக்கு ஒரு கையோடு நின்றிருக்கிறது? உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரை அரை பாட்டில் நல்லெண்ணெய் இறங்கிற்று. சீயக்காய் போட்டு அலசிவிட்டாள். மனிதன் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினான்.

மதியம் குழாய் நின்றது. அவர்கள் அறையில் மட்டுமல்ல, நடைவழியின் பன்னிரண்டு அறைகளிலும்.

பன்னிரண்டு அறைக்கும் ஒரே தண்ணீர்தான். ஓர் அறையில் குளித்த நீர் அடித்தளத்திலுள்ள உயிர்வடியில் இறங்கும். அது நுண்ணுயிர்களாலான பச்சை மெத்தை. அவை அழுக்கைத் தின்று சுத்தப்படுத்திய நீர் அடுத்த அறைக்கு ஏறும். இதற்குச் சுழல்நீர் என்று பெயர். அந்த மெத்தைமேல் இப்போது எண்ணெய் படர்ந்து, உயிர்கள் மூச்சுமுட்டிக் கிடந்தன. மீண்டு வர இரண்டு நாளாகும்.

நீர்க்கண்காணி பெலிக்ஸ் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். தன் கதவைத் தட்டும்வரை பேராச்சி காத்திருக்கவில்லை. வெளியே வந்து, "நாந்தான் சார். அவுகளுக்குச் சூடு தாங்கலைன்னு தேய்ச்சுவிட்டேன்" என்றாள்.

பெலிக்ஸ் பெருமூச்சு விட்டார். "ஒளிக்காமச் சொன்னீங்கம்மா. ஆனா முடிவு என் கையில இல்ல. தண்ணியில்லாமத் தவிக்கிறவங்கதான் சொல்லணும். பதினோரு அறையில ஆறு அறை 'இருக்கட்டும்'னு சொன்னா இருக்கலாம்."

நடைவழியில் அறைக்கு ஒருவராக நின்றார்கள். உடம்பெல்லாம் சோப்போடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருவர். அவர் முதல் ஆளாக "இறக்கிவிடுங்க" என்றார். யார் குற்றம் சொல்ல முடியும்? ஐந்து பேர் இருக்கட்டும் என்றார்கள். ஐந்து பேர் இறக்கச் சொன்னார்கள். மிச்சம் தமயந்தி. யாழ்ப்பாணத்துக்காரி, கையில் எட்டு வாரக் குழந்தை. குழந்தைத் துணி அலசக்கூடத் தண்ணீர் இல்லாமல் எல்லாரையும்விடத் தவித்தவள் அவள்தான்.

பேராச்சிக்கு நம்பிக்கை போயிற்று. தூங்குகிற புருஷனை எழுப்பி என்னவென்று சொல்வது?

தமயந்தி குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். "எவ்வளவு எண்ணெய் ஊத்தினனீங்கள், அக்கா?"

"அரை பாட்டில் தாயி."

"ஐயோ! ஊத்தினதில பிழையில்லை, கழுவினதுதான் பிழை. நானும் பிள்ளைக்கு நாளும் எண்ணெய் பூசிறனான்."

பெலிக்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களுமா?"

"ஓம். எண்ணெய் வைக்காமல் பச்சைப் பிள்ளையை எப்பிடிக் குளிப்பாட்டிறது? பயத்தமாவைப் போட்டுத் துணியால ஒத்தி எடுத்துப்போட்டுத்தான் தண்ணி திறக்கிறனான். ஒரு பொட்டும் குழாய்க்குள்ள போகேல்லை. இவ்வளவு நாளும் உங்கட வடி நல்லாத்தானே கிடந்தது? இப்ப என்னையும் இறக்கப் போறியளோ?"

பெலிக்ஸ் இல்லையென்று தலையாட்டினார். சோப்புக்காரர் குழந்தையின் பளபளத்த தலையைப் பார்த்தார், துண்டை இறுக்கிக்கொண்டார், "என் முதுகும் ஒரு வருஷமா வறண்டுதான் கிடக்கு" என்று முனகினார்.

"இருக்கட்டும்" என்றாள் தமயந்தி.

பேராச்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லாருக்கும் முன்னால் அழுதாள், வெட்கப்படவில்லை. தமயந்தி அவள் கையைப் பிடித்தாள்.

"அழாதேங்கோ அக்கா. வாற சனிக்கிழமை எண்ணெயைக் கொண்டு வாங்கோ. மாவு நான் தாறன்."