கிணற்றடிப் பரீட்சை

"ஐயோ...! காப்பாத்துங்கடா...!"

1934. தியாகராய நகர். உச்சி வெயில்.

பாதி கட்டிய பங்களா. அதன் பின்கட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து அந்த அலறல்!

முப்பதடி தள்ளி, தலையில் செங்கல் கூடையோடு போய்க்கொண்டிருந்தான் வேலு.

திரும்பவில்லை!

அலறல் நின்றது. வேலுவின் நடை நிற்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் பிணத்தைத் தூக்கி வெளியே போட்டார்கள். காண்டிராக்டர் தேசப்பன்! நாலு நாளாக வேலைக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்த முதலாளி.

சப்-இன்ஸ்பெக்டர் ரகுபதி வேலுவின் கழுத்தைப் பிடித்தார்.

"நீதானேடா தள்ளினே? தூக்குதான் உனக்கு!"

"நான் இல்ல சாமி! கல்லு தூக்கிக்கினு இருந்தேன்!"

"சத்தம் கேக்கலை?"

"கேட்டுச்சி..."

"கேட்டும் போகலையா? நீ மனுஷனா?"

"போனா வேலை பூடும் சாமி! அது பரீட்சை! நாலு மாசமா வேலை இல்ல. வூட்டுல பொஞ்சாதி பச்சையம்மா முழுகாம கீது..."

ரகுபதி விழித்தார். தேசப்பனிடம் ஒன்பது வருஷமாக எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மாசிலாமணி முன்னால் வந்தான்.

"நெசந்தாங்க. முதலாளி கெணத்துப் படியில எறங்கி நின்னுக்கினு பொய்யா கத்துவாரு. கல்லைப் போட்டுட்டு எவன் ஓடியாந்தாலும், 'வேலையில கவனம் இல்லாத நாயே'ன்னு தொரத்திடுவாரு. இந்த நாலு நாள்ல ஏழு பேரைத் தொரத்திட்டாரு. இன்னிக்கி நெசமாவே வழுக்கிட்டாரு போல..."

"த்தூ!"

ரகுபதி காறித் துப்பினார். உயிரைக் காப்பாற்ற ஓடி வந்தவன் சோம்பேறி! காதை மூடிக்கொண்டவன் உழைப்பாளி! சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

வேலுவை விட்டார். கிளம்பினார். சட்டென்று நின்றார்!

"ஏண்டா... நீ எப்போ இங்க வந்தே?"

"இன்னிக்கிக் காத்தாலதான் சாமி."

"அப்போ பரீட்சைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரைட்டர்தான் சொன்னாரு. 'இன்னா சத்தம் கேட்டாலும் திரும்பாதே, வேலை உனக்குத்தான்'னாரு."

ரகுபதி மெதுவாகத் திரும்பினார். மாசிலாமணியின் முகம் வெளுத்திருந்தது.

"ஏழு பேருக்குச் சொல்லாததை, எட்டாவது ஆளுக்கு மட்டும் ஏன்யா சொன்னே?"



மாசிலாமணி வெடித்தான்.

"மூணாவதா வந்தவன் என் தம்பி சார்! எனக்குத் தெரியாம வேலைக்கு வந்து, நெசம்னு நம்பி உள்ளே குதிச்சான். படியில அடிபட்டு இடுப்பு ஒடிஞ்சி போச்சு. அப்போ அந்தாளு இன்னா கேட்டாரு தெரியுமா? 'கீழ போட்ட கல்லு ஒடஞ்சிதா பாரு'ன்னாரு! அதான் தள்ளினேன்... மத்தவங்க சோத்துக்குப் போன நேரம்; இவனும் ஓடியாரக் கூடாதுன்னுதான் சொன்னேன்!"

மாசிலாமணியின் கையில் விலங்கு ஏறியது.

வேலு கூடையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டான்.

"சாமி... அப்போ வேலை எனக்குத்தானே?"

ரகுபதி அவனையும் கிணற்றையும் அருவருப்போடு பார்த்தார்.

"இங்க இப்போ ரெண்டு எடம் காலி. முதலாளி எடமா, ரைட்டர் எடமா... எதுக்குடா மனு போடறே?"