பலோமாவின் சுவர்

டாக்டர் பர்ரகான் வந்த மதியம் கடலே தெரியாத அளவுக்கு மூடுபனி. எங்கள் ஊரில் ஜூலைதான் குளிர்காலம், கடல்விலங்குப் பூங்காவுக்கு யாரும் வருவதில்லை, மூடித்தான் வைத்திருந்தார்கள். காரைவிட்டு இறங்கியவர், "இங்க மனுஷங்க யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார்.

இருந்தது நானும் பம்ப் பார்க்கும் திபுர்சியோவும்தான்.

"நாங்க அந்த லிஸ்ட்ல வருவோமான்னு முதலாளியைத்தான் கேக்கணும், டாக்டர்," என்றான் திபுர்சியோ.

அவர் வந்த வேலை சின்னது. பெரிய தொட்டியில் இன்னொரு ஓர்கா திமிங்கலத்தை வைக்கலாம் என்று விலங்கு மருத்துவராக ஒரு கையெழுத்துப் போட வேண்டும். வடக்கே வேறொரு பூங்காவில் ஒரு குட்டியை விலை பேசி முடித்தாயிற்று. தாயிடமிருந்து பிரித்து அனுப்பப் போகிறார்கள். அந்தக் கையெழுத்து விழக் கூடாது என்பதுதான் எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. வேறு எதற்கும் என்னிடம் தெம்பு இல்லை.

தொட்டி காய்ந்து கிடந்தது. இதிலிருந்த ஓர்கா பலோமா செத்த பிறகு தண்ணீரை வடித்துவிட்டார்கள். சுவரின் நீலச் சாயம் செதில் செதிலாக உரிந்திருந்தது. குளோரின் நாற்றம் மட்டும் போகவில்லை.

தெற்கே, கடற்சிங்கங்களைப் பிடிக்க ஓர்காக்கள் அலையோடு கரைமேல் பாயும். தாயிடம் அந்த வித்தையைப் பழகும்போது கூழாங்கல்லில் சிக்கிக்கொண்டவள் பலோமா. காப்பாற்றுகிறோம் என்று தூக்கி வந்தவர்கள் திருப்பி விடவே இல்லை. இங்கே அதே பாய்ச்சலைச் சிமெண்டு மேடையில் செய்தாள், ஜனங்கள் கைதட்டினார்கள். மற்ற நேரமெல்லாம் தொட்டியின் இரும்புக் கதவைக் கடித்தாள். பல் தேய்ந்து குழி விழுந்தது. அந்தக் குழிகளில் மீன் தங்கி அழுகாமல் தினமும் குழாய் வைத்துக் கழுவுவது என் வேலை. வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்ப்பாள்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து மூவரும் மாத்தே இலைத் தேநீர் குடித்தோம். ஒரே குடுவைதான். நான் இலைமேல் வெந்நீர் ஊற்றித் தர, ஒவ்வொருவராக உறிஞ்சித் திருப்பித் தர வேண்டும். எங்கள் ஊரில் குடுவையைத் திருப்பும்போது "நன்றி" என்றால், எனக்குப் போதும் என்று பொருள். சொல்லாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பலோமா அதைக் கற்றுக்கொண்டிருந்தாள். நாங்கள் குடிக்கும்போது ஓரமாக வந்து மிதப்பாள். கடைசி ஆள் நன்றி சொன்னதும் எல்லோரும் எழுந்து போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் சுவரில் தலையை மோதுவாள், தாடை கிழிந்து ரத்தம் வரும்வரை. அதனால் இங்கே யாரும் வாய் தவறியும் அதைச் சொல்வதில்லை. சத்தமில்லாமல் நழுவிவிடுவோம்.

டாக்டரை எச்சரிக்கத் தோன்றவில்லை. அவள்தான் செத்துப்போனாளே.

"இந்தக் குட்டியும் சுவத்துலதான் முட்டும், டாக்டர். வேண்டாம்."

"எனக்குத் தெரியாதா, சுலேமா? நான் போடலேன்னா நாளைக்கே வேற ஒருத்தன் வந்து போடுவான்."

"போடட்டும். அது அவன் பாவம். நீங்க ஏன் அதைச் சுமக்கணும்?"

அவர் குடுவையை என்னிடம் நீட்டினார்.

"நன்றி."

தொம்.

உட்கார்ந்திருந்த விளிம்பு அதிர்ந்தது.

"பம்ப்பா?" என்றார் டாக்டர்.

"பம்ப்பைக் கழட்டியாச்சு," என்று திபுர்சியோ கிசுகிசுத்தான்.

தொம்.

தொம்.

தொட்டிக்குள் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் சுவரிலிருந்து நீலச் சாயம் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு இரும்பைப் பல் அரைக்கும் கரகரப்பு. அழுகிய மீன் வாடை முகத்தில் அடித்தது. தினமும் நான் கழுவிய வாயின் வாடை.

டாக்டர் எழப் போனார். அவர் தோளை அழுத்தினேன்.

"எந்திரிக்காதீங்க. போற மாதிரி காட்டிக்காதீங்க."

இன்னொரு குடுவை ஊற்றிக் கொடுத்தேன். பல் கிடுகிடுக்க அவர் உறிஞ்சினார்.

சத்தம் நின்றது.

"எவ்வளவு நேரம் இப்படியே...?"

"அவ தூங்குறவரைக்கும்."

வெந்நீர் ஆறி, பச்சைத் தண்ணீராகிவிட்டது. அதையும் குடித்தோம். வாடை மெல்லக் குறைந்தபின், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தோம்.

கார் அருகே டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் காதுல எதுவும் விழல, சுலேமா. உங்க காதுலயும் விழல."

பானெட்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சபிக்கக்கூடத் தெம்பில்லாமல் நின்றேன்.

திபுர்சியோ மறுநாளே வேலையை விட்டான். "உசிரு இருந்தா உப்பு வித்துப் பொழைச்சுக்கலாம்," என்று போய்விட்டான். நானும் போயிருக்கலாம். வரப்போகும் குட்டியைத் தனியே விட மனம் வரவில்லை.

வசந்தத்தில் தண்ணீர் நிரப்பிக் குட்டியை இறக்கினார்கள். தாயைத் தேடிக் கதறியது. ஒரு வாய் மீன் தொடவில்லை. செத்துவிடும் என்றே நினைத்தேன். ஒரு மதியம் திடீரென்று அமைதியாகி, சாப்பிட ஆரம்பித்தது. "பாத்தியா, பழகிடுச்சு!" என்று முதலாளி என் முதுகில் தட்டினார்.

ஓர்காக் குட்டிகள் தாயின் விலாவை ஒட்டித்தான் நீந்தும். இதுவும் அப்படித்தான் நீந்துகிறது, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து, எதன்மீதோ ஒண்டிக்கொண்டு. சுவருக்கும் அதற்கும் நடுவே எப்போதும் ஒரு பெரிய உடம்பின் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

செத்தபிறகாவது பலோமா கடலுக்குப் போயிருப்பாள் என்று நம்பித்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தூக்கமும் போயிற்று.

குட்டி மேலே வந்து மூச்சு விடுகிறது. உடனே அதன் பக்கத்தில், வெறும் தண்ணீரிலிருந்து, அதைவிடப் பெரிய மூச்சு ஒன்று கேட்கிறது.